தேய்வதற்கென்றே செய்த தகடு

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர், எஞ்சினின் பராக்கிரமத்தையும், வண்டியின் வேகத்தையும், அதை முதன்முதலில் வாங்கி ஓட்டிய தனவந்தர்களின் படாடோபத்தையும் பக்கம் பக்கமாக வர்ணித்துவிட்டு, எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஓர் உலோகக் கூட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் அடைபட்டுக் கிடக்கும் கிளட்ச் பிளேட்டைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டறையின் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தோன்றும். எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செப்பனிடும் சந்தர்ப்பம் ஒரு வண்டியின் ஆயுளில் ஒரு முறையோ இரு முறையோதான் வாய்க்கும். கிளட்ச் பிளேட்டோ தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அது தேய்ந்து கொடுத்தால்தான் மற்ற உறுப்புகள் பிழைக்கும். ஆகையால், சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மூன்று தலைமுறை மெக்கானிக்குகளுக்கு யந்திர ஞானத்தின் பெரும்பகுதியைப் போதித்த ஆசான் இந்தத் தகடே என்பது என் அபிப்பிராயம்.

நீராவி யந்திரம் நின்ற நிலையிலிருந்தே பாரத்தை இழுக்க வல்லது. பெட்ரோல் எஞ்சினுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது ஓரளவு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால்தான் அதற்குச் சக்தி பிறக்கும். சுழலும் எஞ்சினை நிற்கும் சக்கரத்தோடு திடீரென்று பிணைத்தால் ஒன்று எஞ்சின் அணையும், அல்லது ஏதேனும் ஒரு பல் முறியும். இவ்விரண்டுக்கும் நடுவே சிறிது வழுக்கி, பிறகு இறுகப் பற்றிக்கொள்ளும் ஒரு மத்தியஸ்தன் வேண்டியிருந்தது. கார்ல் பென்ஸ் 1886ல் பேட்டன்ட் பெற்ற வண்டியில், ஒரு தோல் பட்டையைச் சும்மா சுழலும் கப்பியிலிருந்து வேலை செய்யும் கப்பிக்கு நகர்த்துவதே இந்தக் காரியத்தைச் செய்தது. அதன் பின் வந்த வண்டிகளில், ஃப்ளைவீலின் உட்புறத்தில் குடைந்த கூம்பு வடிவப் பள்ளத்துக்குள், தோல் போர்த்திய மற்றொரு கூம்பு போய் அமரும் ஏற்பாடு சர்வ சாதாரணமாக இருந்தது. அந்தத் தோல் உலர்ந்துவிட்டால் வண்டி தவளை போலத் துள்ளிப் புறப்படும். எண்ணெய் மிஞ்சிவிட்டால் பிடிக்கவே பிடிக்காது. ஆகவே அக்காலத்து ஓட்டுநர்கள், உலர்ந்த தோலுக்கு விளக்கெண்ணெய் தடவவும், வழுக்கும் தோலின்மேல் முல்தானி மட்டியைத் தூவவும் பழகியிருந்தார்கள். யந்திரத்துக்கு வைத்தியம் பார்க்க மருந்துப் பெட்டியோடு பிரயாணம் செய்த காலம் அது.

சென்னைப் பட்டணத்தில் மோட்டார்த் தொழில் கோச்சு வண்டித் தொழிலிலிருந்து பிறந்தது. 1840ல் குதிரை வண்டி கட்டும் ஸ்தாபனமாகத் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனியில், சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903ல் ஒரு நீராவிக் காரை உருவாக்கினார் என்பது இந்நகரத்து மோட்டார் சரித்திரத்தின் பெருமைகளில் ஒன்று. நான் மேலே சொன்ன காரணத்தால், நீராவிக் கார் என்ற இனத்துக்கே கிளட்ச் அவசியமில்லை. சென்னை தன் கையால் செய்த முதல் கார் அந்தக் கவலையில்லாத ஜாதியைச் சேர்ந்ததாக அமைந்தது ஒரு விநோதமே. ஆனால் கட்டட ஒப்பந்தத் தொழிலில் பெரும் புகழ் பெற்றிருந்த நம்பெருமாள் செட்டியாரைப் போன்ற பிரமுகர்கள் கப்பலில் தருவித்துக்கொண்ட பெட்ரோல் வண்டிகள் பெருகப் பெருக, அந்த நிம்மதி நீடிக்கவில்லை. தோல் கூம்பு தேய்ந்தால் அதை உரித்துவிட்டு, புதுத் தோலை அளவாக வெட்டி, ஊறவைத்து, இழுத்துப் பொருத்தி, தாமிர ஆணிகளை மேற்பரப்புக்குக் கீழே தலை அமிழும்படி அடிக்கவேண்டும். சேணமும் வண்டி மெத்தையும் தைத்துப் பழகிய கைக்கு இது அந்நியமான வேலையன்று. இந்நாட்டில் மோட்டார் மெக்கானிக்கின் மூதாதையரில் கொல்லன் ஒருவன் என்றால், தோல் தொழிலாளி மற்றொருவன். பின்னவனை நாம் எளிதில் மறந்துவிட்டோம்.

தோலின் ராஜ்யத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது கல்நார். இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைப் பிரதேசத்தில், ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், சரிவில் இறங்கும் பார வண்டிகளின் மரக்கட்டைப் பிரேக்குகள் படும் பாட்டைக் கண்டு, 1897ல் உராய்வுக்கென்றே பிரத்தியேகமாக ஒரு பொருளைத் தயாரிக்கத் தொடங்கினார். அவருடைய பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி, ஓர் எழுத்தைக் கூட்டிப் பிறந்ததே ஃபெரோடோ என்ற வியாபாரப் பெயர். முதலில் பருத்தி நெசவில் பிசின் ஏற்றிச் செய்யப்பட்ட இந்தப் பட்டைகள், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளிலேயே, எவ்வளவு சூடேறினாலும் கருகாத கல்நார் இழைக்கு மாறின. சற்றேறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் போர்க், பெக் என்ற இருவர் கூடி நடத்திய ஸ்தாபனம், கூம்பையும் எண்ணெய்த் தொட்டிக்குள் மூழ்கிய பல தகடுகளையும் ஒதுக்கிவிட்டு, உலர்ந்த ஒற்றைத் தகட்டைப் பிரபலப்படுத்தியது. பிற்காலத்தில் நம் நாட்டுச் சாலைகளை ஆண்ட அம்பாஸடரின் கூட்டுக்குள் சுழன்ற 8 அங்குலத் தகடும் இந்த போர்க் அண்ட் பெக் பரம்பரையைச் சேர்ந்ததே. இடையில் ஹென்றி ஃபோர்டு மட்டும், 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து குவித்த தம் ‘டி’ மாடல் வண்டியில், இந்த ஒற்றைத் தகட்டு வழியை விட்டு, மிதித்தால் இறுகும் பட்டைகளையும் கிரகச் சக்கரப் பற்களையும் கொண்டு தம் போக்கில் போனார். அவரும் 1927ல் வந்த ‘ஏ’ மாடலில் ஊரோடு ஒத்துப் போகவேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டின் பட்டறைகளைப் பெரியனவாக்கியவை பணக்காரர்களின் கார்களல்ல, பஸ்கள். 1911ல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய ஸ்தாபனம் மதுரையை மையமாக வைத்து வளர்ந்ததும், 1920ல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை வண்டியோடு ஆரம்பித்த சர்வீஸ் கோவையில் யு. எம். எஸ். என்ற பெரும் நிறுவனமாக விரிந்ததும் யாவரும் அறிந்த செய்திகள். கால அட்டவணைப்படி ஓடவேண்டிய பஸ்ஸுக்கு உதிரி பாகம் கப்பலில் வரும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே வண்டி ஓட்டும் கம்பெனியே கடைசல் பட்டறையும், வார்ப்படச் சாலையும், பயிற்சிக் கூடமும் நடத்தவேண்டியிருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, வண்டிகள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு வாயுவில் ஓடத் தலைப்பட்டபோது, எஞ்சினின் வலு வெகுவாகக் குறைந்துவிட்டது. வலுக் குறைந்த எஞ்சினை மேட்டில் அணையாமல் வைத்திருக்க, ஓட்டுநர்கள் கிளட்சைப் பாதி மிதித்து வழுக்கவிட்டே ஏற்றினார்கள் என்பதில் வியப்பில்லை. பெட்ரோலில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கைத் தகடு தின்றிருக்கும்.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை வேறு விதமாக இறுகிற்று. முழுதாகக் கட்டிய கார்களை இறக்குமதி செய்வது 1949ல் தடை செய்யப்பட்டது. 1953ல், உள்நாட்டிலேயே பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகள் தொழிலை முடித்துக்கொள்ள வேண்டுமென்று சர்க்கார் தீர்மானித்ததும், 1928 முதல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும், அதன் போட்டியாளரான ஃபோர்டும் மூட்டை கட்டின. அவர்கள் விற்றுவைத்த ஆயிரக்கணக்கான ஷெவர்லேக்களும் ஃபோர்டுகளும் தாயற்ற பிள்ளைகளாய்ச் சாலையில் நின்றன. எஞ்சியவர்கள், உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னைக்குத் தெற்கே ஸ்டாண்டர்டு மோட்டார் என்று மூவரே. 1957ல் வந்த அம்பாஸடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாவது வரிசையை அச்சாகக் கொண்டது. 2014 மே மாதம் வரை அதன் உடலமைப்பு அடையாளம் தெரியாதபடி மாறவே இல்லை.

இந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் கிளட்ச் வேலை ஒரு கலையாகப் பழுத்தது. தகடு முழுதும் கெட்டுவிட்டது என்று எறிவது யாருக்கும் கட்டுப்படியாகாது. நடுவிலுள்ள எஃகுத் தகடும், பல் வெட்டிய ஹப்பும், அதிர்ச்சியைத் தாங்கும் சிறு ஸ்பிரிங்குகளும் சரியாக இருந்தால், இருபுறமும் தேய்ந்த உராய்வுப் பட்டையான ஃபேஸிங்கை மட்டும் உரித்துவிட்டுப் புதிதாக அடித்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டின் உதிரி பாகக் கடைகளும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைச் சந்துகளும் இதற்கு வேண்டிய சரக்குகளைக் கொடுத்தன. 1964ல் ரானே பிரேக் லைனிங் தொடங்கப்பட்டதும், அமால்கமேஷன்ஸ் குழுமம் ஆஸ்திரேலியாவின் ரெப்கோவோடு சேர்ந்து சென்னையிலேயே கிளட்ச் தயாரிக்க முன்வந்ததும் அந்தப் பத்தாண்டின் நிகழ்ச்சிகள். அதன் பிறகும், பழைய தகட்டுக்குப் புது ஃபேஸிங் அடித்துக்கொள்ளும் சிக்கன புத்தி வெகுகாலம் நம்மை விட்டுப் போகவில்லை.

ஆனால் ஃபேஸிங் அடிப்பதைவிட மேலான வித்தை, அடிக்கவேண்டிய அவசியம் உண்டா இல்லையா என்று கண்டுபிடிப்பதில் இருந்தது. அம்பாஸடரில் கிளட்சைப் பார்க்க வேண்டுமானால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, ஸ்டார்ட்டரை எடுத்து, கியர் ராடுகளைப் பிரித்து, கியர் பாக்ஸையே இறக்கியாக வேண்டும். ஒரு நாள் உழைப்பைச் செலவிட்ட பின் தகடு நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தால், மேஸ்திரியின் முகத்தில் வண்டிக்காரர் விழிக்கமாட்டார். எனவே, இறக்காமலே உள்ளே நடப்பதை அறிவதற்கு அவர்கள் சில பரீட்சைகளை வைத்திருந்தார்கள். வண்டி மேட்டில் ஏறும்போது எஞ்சின் இரைகிறதே தவிர வேகம் கூடவில்லை, கருகல் வாசனை வருகிறது என்றால், தகடு வழுக்குகிறது என்று பொருள். அதை உறுதி செய்ய, சமதரையில் ஹாண்ட் பிரேக்கை இறுக்கி, டாப் கியரைப் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக் கிளட்சை மெதுவாக விடுவார்கள். எஞ்சின் தடுமாறி அணைந்தால் தகட்டில் இன்னும் உயிர் இருக்கிறது. அணையாமல் இரைந்துகொண்டே இருந்தால் தகடு போய்விட்டது. அப்போதும் கைதேர்ந்தவர் ஸ்பானரை எடுக்கமாட்டார். குனிந்து, பெடலைக் கையால் அழுத்திப் பார்ப்பார். மேலே முக்கால் அங்குலமாவது எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும். அந்த ஃப்ரீ பிளே இல்லையென்றால், ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதிபட்டபடியேதான் இருக்கிறது. ராடில் ஒரு நட்டைத் திருகினால் தீரும் நோய்க்கு எத்தனையோ வண்டிகளின் கியர் பாக்ஸை அவசரக்காரர்கள் இறக்கியிருக்கிறார்கள்.

இன்னொரு வியாதி, மிதித்த பிறகும் தகடு விடாமல் ஒட்டிக்கொண்டு வருவது. கிளட்சை முழுதாக மிதித்து, சில விநாடி பொறுத்து ரிவர்ஸைப் போட்டால் பல் கரகரவென்று அலறும். ஆனால் அம்பாஸடரின் கியர்த் தடி ஸ்டியரிங்கை ஒட்டி இருந்த வரையில், அதிலிருந்து கீழே போகும் ராடுகளின் புஷ்கள் தேய்ந்து ஆடினாலும் ஏறத்தாழ இதே தொல்லை தோன்றும். கியர் கரகரப்பது கிளட்சின் குற்றம், கியர் வழி தெரியாமல் அலைவது ராடின் குற்றம் என்று பிரித்துக்கொள்ளத் தெரிந்தவரே மெக்கானிக். முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் இல்லாத அந்தப் பெட்டியில், ஓடும் வண்டியை ஒன்றுக்கு இறக்க டபுள் கிளட்ச் அடிக்கத் தெரியாத ஓட்டுநர் உண்டாக்கும் சத்தமும் மூன்றாவதாக வந்து குழப்பும். புறப்படும்போது வண்டி உடம்பெல்லாம் நடுங்கினால் தகட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். பழைய எஞ்சினின் பின் கோடியில், எண்ணெயைத் தடுக்க ரப்பர் சீல் இன்றி, திருகுமரை போல வெட்டிய பள்ளம் மட்டுமே இருந்ததால், எஞ்சின் தேயத் தேய எண்ணெய் கசிந்து உள்ளே தெறிப்பது அதற்கு இயற்கை. கூட்டின் அடியிலுள்ள சிறு துவாரத்தில் விரலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விரல் உலர்ந்திருந்தால், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் சந்தேகம் திரும்பவேண்டும்.

காதால் அறியும் பரீட்சை ஒன்றும் உண்டு. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, காலை எடுத்தபோது முனகி, மிதித்ததும் அடங்கும் சத்தம் கியர் பாக்ஸின் முன் பேரிங்கிலிருந்து வருவது. லேசாக மிதித்ததும் தொடங்கும் சத்தம், தகட்டை ஃப்ளைவீலோடு இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை அழுத்தும் கரி வளையத்துடையது. பிற்காலத்து வண்டிகளில் உருளும் பேரிங் செய்யும் இந்த வேலையை, பழைய மாரிஸ் வகைகளில் கார்பன் வளையம் ஒன்று உராய்ந்தபடியே செய்தது. சிக்னலில் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடி நிற்பவரும், ஓடும்போது இடது காலைப் பெடல்மேல் இளைப்பாற வைத்திருப்பவரும் இந்த வளையத்தைத்தான் அரைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே மேஸ்திரிகள், வளையம் தேய்ந்திருக்கும் அளவைப் பார்த்தே ஓட்டுநரின் குணத்தைச் சொல்லிவிடுவார்கள். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் ஏறி இறங்கும் வண்டியில் தகடு சீக்கிரம் தேய்வதைக் குற்றமாகக் கொள்ள முடியாது. சமவெளியில், ஒரு கலியாணத்துக்குப் பத்துப் பேரை அடைத்துக்கொண்டு போன அம்பாஸடரின் தகடும் அதே கதியை அடைந்ததற்கு மலை காரணமல்ல.

கியர் பாக்ஸ் இறங்கிய பின் வேலை நிதானமாக நடக்கும். ஃப்ளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்து, மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால், அதையும் கழற்றி லேத்தில் விட்டு முகம் எடுக்கவேண்டும். பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்குகளில் சூடேறித் துவண்டவற்றை மாற்றி, அதன் மூன்று விரல்களும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி திருகிச் சரிசெய்யவேண்டும். ஒன்று தாழ்ந்தாலும் தகடு கோணலாக விடுபடும். தகட்டின் பழைய ரிவெட்டுகளைத் துளையிட்டு நீக்கி, புது ஃபேஸிங்கை எதிரெதிர்த் துளைகளாக மாற்றி மாற்றி அடிப்பார்கள். வரிசையாக அடித்துக்கொண்டே போனால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ரிவெட் தலை மேற்பரப்புக்குக் கீழே நன்றாக அமிழவேண்டும், இல்லாவிட்டால் ஃப்ளைவீலை உழுதுவிடும் என்ற விதி, தோல் கூம்பில் தாமிர ஆணி அடித்த நாளிலிருந்தே மாறவில்லை. கடைசியில், தகட்டை நடுமையத்தில் நிறுத்தாமல் போல்ட்டுகளை இறுக்கினால் கியர் பாக்ஸ் மறுபடி உள்ளே போகாது. ஆகையால் உடைந்த கியர் பாக்ஸிலிருந்து எடுத்த பழைய ஷாஃப்ட் ஒன்றை ஒவ்வொரு பட்டறையும் பொக்கிஷம் போல் வைத்திருந்து, அதைத் தகட்டின் ஹப் வழியாகப் பைலட் புஷ்ஷுக்குள் செருகி மையம் பிடித்தது.

1961ல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இந்தச் சடங்கில் தனி ரகம். நம் ஊரிலேயே பிறந்த அந்த இரு கதவு வண்டியில் கியர் பாக்ஸைக் கீழே இறக்குவதில்லை; முன் ஆசனங்களையும் நடுவிலுள்ள மூடியையும் எடுத்துவிட்டு, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, அதைப் பின்னுக்கு இழுத்துக் கதவு வழியே வெளியே எடுக்கவேண்டும். குழியில் மல்லாந்து படுத்து முகத்தில் எண்ணெய் வாங்கிக்கொள்ளும் கஷ்டம் இல்லையாதலால் மெக்கானிக்குகளுக்கு அதன்மேல் தனிப் பிரியம். தம் வெள்ளை மெத்தைகளின் கதியைக் கண்ட சொந்தக்காரர்களுக்கு அந்தப் பிரியம் இருந்திருக்க முடியாது.

இந்த வித்தையை நினைத்து உருகுகிறவர்கள், அதன் தூசியைப் பற்றியும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். கூட்டைத் திறந்ததும் உள்ளே படிந்திருக்கும் கரும் பொடியைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவதும், ஃபேஸிங்கை அரத்தால் ராவிப் பொருத்துவதும் எல்லாப் பட்டறைகளிலும் அன்றாட வழக்கம். அந்தப் பொடியில் கல்நாரும் கலந்திருந்தது. அதன் இழை நுரையீரலில் தங்கினால், நோய் தலைகாட்ட இருபது, முப்பது வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும் என்பதால், காரணத்தையும் காரியத்தையும் இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 1995ல் சுப்ரீம் கோர்ட்டு, கல்நார்த் தொழிலாளர்களின் ஆரோக்கியக் குறிப்புகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 வருஷமாவது பாதுகாக்கவேண்டுமென்று ஆணையிட்டது. அந்தத் தீர்ப்பு சுரங்கங்களையும் ஆலைகளையும் நோக்கியது. சந்துப் பட்டறையில் பத்து வயதில் எடுபிடியாகச் சேர்ந்து, ஊதிய பொடியைச் சுவாசித்து வளர்ந்த பையன்களுக்குக் குறிப்பு எழுதி வைப்பார் எவருமில்லை. பழைய கைத்திறன் மறைந்துவிட்டதே என்று வருந்தும் கட்டுரைகளைப் படிக்கும்போது, அந்த மறைவில் ஒரு பகுதியையேனும் நான் வரவேற்கிறேன்.

மறைவு தொடங்கியது 1983 டிசம்பரில் என்று சொல்லலாம். அம்மாதம் வெளிவந்த மாருதி 800ல் எஞ்சின் குறுக்காகக் கிடந்து முன் சக்கரங்களை இழுத்தது; கிளட்சை இயக்க ஒரு மெல்லிய கேபிள் போதுமாயிருந்தது; பிரஷர் பிளேட்டில் சுருள் ஸ்பிரிங்குகளும் மூன்று விரல்களும் போய், நடுவில் பிளவுகள் வெட்டிய ஒரே எஃகு வட்டில் அவற்றின் வேலையைச் செய்தது. இந்த டயஃப்ரம் வகையில் மட்டம் பார்க்க விரல்களும் இல்லை, மாற்றத் தனித்தனி ஸ்பிரிங்குகளும் இல்லை. தகடு, பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் ஒரே பெட்டியில் செட்டாக வந்தன. பெட்டியைப் பிரித்துப் பூட்டுவதே வேலை. ஃபேஸிங் அடித்த கடைகள் லாரிக்கும் டிராக்டருக்கும் ஒதுங்கின. அம்பாஸடரே 1990களில் இசுஸு எஞ்சினும் தரையிலிருந்து எழும் கியரும் பூண்டு வேறு வண்டியாயிற்று.

2014ம் வருஷம் பிப்ரவரியில், கிளட்ச் பெடலே இல்லாத, ஆனால் கிளட்ச் உள்ள மாருதி செலேரியோ விற்பனைக்கு வந்தது. மே மாதம் உத்தரபாராவில் அம்பாஸடர் நின்றது. புதிய ஏற்பாட்டில் மனிதனின் இடது காலுக்குப் பதிலாக, கணக்கிட்டு அழுத்தும் ஒரு யந்திரக் கை இருக்கிறது. எந்த நேரத்தில் விடவேண்டும், எவ்வளவு விடவேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ஆனால் அது அழுத்தி விடுவது அதே உலர்ந்த ஒற்றைத் தகட்டைத்தான். ஃபேஸிங்கில் இப்போது கல்நாருக்குப் பதில் கண்ணாடி இழையும் வேறு சரக்குகளும் கலந்திருக்கின்றன. பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டே மேட்டில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பவருக்கு, அந்தத் தகடும் கருகல் வாசனையோடு தேய்கிறது. ஸ்கேனர் அதை ஓர் எண்ணாகக் காட்டும். மாற்றுவதற்குக் கியர் பாக்ஸை இறக்கவேண்டும்.